லேசர் புரொஜெக்டரில் நிற சிக்னல்களை ஒன்றாக்கும்போது நடக்கும் தவறுகள்

பச்சை லேசர் மட்டும் உள்ள புரொஜெக்டரில் முழு வண்ண ஷோவை ஓட்டினால் பாதிப் படம் காணாமல் போகும். சிவப்பு எழுத்துக்கும் நீல அலைக்கும் உரிய சிக்னல் கேபிளில் வந்துகொண்டுதான் இருக்கும். அதை வாங்கிக்கொள்ள லேசர் இருக்காது. அதனால்தான் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒன்றாக்கி ஒரே லேசருக்குக் கொடுக்கிறோம். உங்கள் மென்பொருளிலேயே ஒற்றை நிற அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், சாலிடரிங் அயர்னைத் தொடவே வேண்டாம். அது இல்லாதவர்களுக்குத்தான் இனி வருவது.

மூன்று கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிடலாம் என்று முதலில் தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொரு கம்பிக்குப் பின்னாலும் அதன் வோல்ட்டேஜை நிர்ணயிக்கும் ஓர் ஆப்-ஆம்ப் (சிக்னல் பெருக்கி ஐசி) இருக்கிறது. சிவப்பு மேலே இழுக்கும், மற்ற இரண்டும் 0-வுக்கு இழுக்கும். கிடைப்பது அரைகுறை வோல்ட்டேஜும் சூடேறிய ஐசியும்தான்.

அடுத்த தவறு, மைனஸ் கம்பியைக் கிரவுண்ட் என்று நினைப்பது. லேசர் ஷோக்களுக்கான ஐல்டா (ILDA) முறைப்படியான, 25 பின் கொண்ட டிபி-25 இணைப்பில் சிவப்புக்கு 5, 18 பின்கள், பச்சைக்கு 6, 19, நீலத்துக்கு 7, 20. ஒவ்வொரு நிறமும் பிளஸ், மைனஸ் என்ற இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசமாக, 0 முதல் 5 வோல்ட் வரை வருகிறது. சிக்னலைச் சரிபாதியாகப் பிரித்து அனுப்பும் கன்ட்ரோலரில் பிளஸ் கம்பியை மட்டும் எடுத்தால் முழு வெளிச்சத்திலும் 2.5 வோல்ட்தான் கிடைக்கும். மைனஸைக் கிரவுண்டோடு கட்டினால் அந்த வெளியீடு ஷார்ட் ஆகும். நிறத்துக்கு ஒரு டிஃபரன்ஷியல் ரிசீவர் (இரு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் சர்க்யூட்) போட்டு, 25-ஆம் பின்னைக் கிரவுண்டாக வையுங்கள். இந்த இடத்தில் சிக்கனம் பார்த்தால் பிறகு எதுவும் சரியாக வராது.

இனி, எப்படிச் சேர்ப்பது? கூட்டினால் வெள்ளை நிறத்துக்கு 5 மூன்று முறை சேர்ந்து 15 வோல்ட் ஆகிவிடும். லேசர் டிரைவர் எதிர்பார்ப்பது 5. மூன்றால் வகுத்தால் தனிச் சிவப்பு 1.67 வோல்ட்டாகச் சுருங்கி மங்கும். வீடியோவில் கறுப்பு வெள்ளைக்கு எடுக்கும் 0.299, 0.587, 0.114 விகிதம் இன்னும் மோசம். முழு நீலம் வெறும் 0.57 வோல்ட்டாக வரும், பல டயோடு லேசர்கள் அந்த அளவில் ஒளிரவே தொடங்காது. என் கணிப்பில் சரியான வழி, மூன்றில் எது பெரியதோ அதை மட்டும் எடுப்பது. ஒரு குறை உண்டு: சிவப்பிலிருந்து பச்சைக்கு மெல்ல மாறும் காட்சியில் நடுவில் இரண்டும் 2.5 ஆக இருக்கும்போது வெளிச்சம் ஒரு கணம் இறங்கும். படம் முழுக்கத் தெரிவதற்காக அதை ஏற்றுக்கொள்ளலாம்.

பெரியதை எடுக்க எளிய வழி மூன்று டயோடுகள். சாதாரண சிலிக்கான் டயோடு 0.6 முதல் 0.7 வோல்ட் வரை தின்றுவிடும். மெல்லிய வெளிச்சங்கள் எல்லாம் அதில் போய்விடும். ஷாட்கி டயோடில் இழப்பு குறைவு. டயோடை ஆப்-ஆம்பின் ஃபீட்பேக்குக்குள் வைத்தால் இழப்பே தெரியாது. ஆனால் நான் அதிகம் தடுமாறியதும் அந்தச் சர்க்யூட்டில்தான். கையில் இருந்த 741 என்ற ஆப்-ஆம்பைப் போட்டேன். ஒவ்வொரு கோட்டின் தொடக்கமும் வெட்டுப்பட்டது. ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோது காரணம் புரிந்தது. அந்த நேரத்தில் பெரியதாக இல்லாத நிறத்தின் ஆப்-ஆம்ப் மைனஸ் சப்ளை வரை கீழே போய்ப் படுத்துக்கொள்கிறது. அதன் முறை வரும்போது அங்கிருந்து ஏறி வர வேண்டும். 741-இன் வேகம் மைக்ரோசெகண்டுக்கு 0.5 வோல்ட், 12 வோல்ட் ஏறவே 24 மைக்ரோசெகண்ட். நொடிக்கு 30,000 புள்ளிகள் ஓடும் ஷோவில் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரமே 33 மைக்ரோசெகண்ட்தான். அதைவிட வேகமான டிஎல்072 ஆப்-ஆம்பை மாற்றியதும் கோடுகள் முழுதாக வந்தன. என்இ5532 வேகமானதுதான், ஆனால் அதன் இரு உள்ளீடுகளுக்கும் இடையே பாதுகாப்பு டயோடுகள் இருப்பதால், அணைந்திருக்கும் நிறம் எரியும் நிறத்தைக் கீழே இழுத்துவிடும். இந்த வேலைக்கு அது ஆகாது.

டயோடு மேலே தள்ளும், கீழே இழுக்காது. இதை மறப்பவர்கள் நிறைய. மூன்றும் சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 2.2 கிலோஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் இல்லாவிட்டால், கேபிளில் தேங்கிய சார்ஜ் இறங்க நேரமெடுத்து, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மெல்லிய வால் தெரியும். இரைச்சல் குறையட்டும் என்று கெப்பாசிட்டர் வைப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும்: 10 கிலோஓமோடு 10 நானோஃபாரட் சேர்ந்தால் 100 மைக்ரோசெகண்ட், அதாவது மூன்று புள்ளிகள் தாமதம்.

லேசர் ஆன்-ஆஃப் மட்டும் தெரிந்த டிடிஎல் வகையாக இருந்தால், மங்கலான நிறம் முழு வெளிச்சமாக எரியும், இல்லையென்றால் எரியவே எரியாது. கம்பேரட்டர் (இரு வோல்ட்டேஜ்களை ஒப்பிடும் ஐசி) வைத்து, எந்த வோல்ட்டேஜில் எரிய வேண்டும் என்ற எல்லையை நீங்களே நிர்ணயியுங்கள்.

புதிய போர்டை நேராக லேசரில் மாட்டாதீர்கள். மின்சாரம் கொடுத்த கணத்தில் ஆப்-ஆம்ப் வெளியீடு சப்ளை வரை துள்ளக்கூடும். முதலில் ஒரு எல்இடியும் ரெசிஸ்டரும் வைத்து, ஆசிலோஸ்கோப்பில் பிளாங்கிங் (லேசர் அணைந்திருக்க வேண்டிய) நேரத்தில் சிக்னல் உண்மையாகவே 0-வுக்கு வருகிறதா என்று பாருங்கள். இன்டர்லாக் என்ற பாதுகாப்பு இணைப்பின் 4, 17 பின்களையும், ஒளியை மறைக்கும் ஷட்டரின் 13-ஐயும் குறுக்கே வெட்டாமல் அப்படியே கடத்துங்கள். லேசர் டிரைவரின் வாசலிலும் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கட்டும். ஷோ நடுவில் யாராவது கால் தடுக்கி நம் போர்டின் கேபிள் பிடுங்கிக்கொண்டால், அந்த ரெசிஸ்டர்தான் லேசரை அணைத்து வைக்கும்.