அமைதிப்படை பற்றி எழுதும்போது நாம் சறுக்கும் இடங்கள்

மன்னார்குடியில் வாரம் இரண்டு மாலை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்திக் கொடுக்கிறேன். சென்ற மாதம் கொடுத்த தலைப்பு, சர்வதேச அமைதி காப்பில் வளர்ந்துவரும் வல்லரசுகளின் பங்கு. முப்பத்தொரு தாள்கள் வந்தன. உழைத்து எழுதியிருந்தார்கள். ஆனாலும் ஒரே பள்ளத்தில் பலரும் விழுந்திருந்தார்கள். அந்தப் பள்ளங்களைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய பள்ளம் ஒரு சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் அமைதிப்படை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஐ.நா. அல்ல, 1987இல் இலங்கைக்குப் போன இந்திய ராணுவம். கோடியக்கரைக்கு நேர் எதிரே, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு. வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் அந்த மூன்றாண்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் குரல் மாறிவிடும். அதனால்தான் பதினொரு பிள்ளைகள் அந்தப் படையை ஐ.நா. பணிகளின் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அது ஐ.நா. படையே அல்ல. 1987 ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேயும் கையெழுத்திட்ட இருநாட்டு ஒப்பந்தத்தின்படி போன படை அது. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் கிடையாது, ஐ.நா. வீரர்கள் அணியும் நீலத் தொப்பி கிடையாது. அதே ஆண்டு அக்டோபரில் அது விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பியபோது 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். தமிழ் மக்கள் பட்ட துயரம் தனிக் கணக்கு.

பெயரைத் திருத்திவிட்டால் மட்டும் இந்தத் தவறு தீராது. ஐ.நா. அமைதி காப்பு மூன்று கால்களில் நிற்கிறது: சம்பந்தப்பட்ட தரப்புகளின் சம்மதம், பக்கம் சாயாமை, தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காப்பதற்கும் தவிர ஆயுதத்தைத் தொடாமை. இலங்கையில் முதல் கால் தொடக்கத்திலேயே ஊனம். போரிட்ட தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இதை ஒரு பத்தியில் சொல்லி, அதிலிருந்து ஐ.நா. முறையின் வேறுபாட்டைக் காட்டும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். நம் கரையிலேயே கிடக்கும் பாடம் அது.

அடுத்து, ஐ.நா.வுக்கு ராணுவம் இருப்பதாக எழுதுவது. கிடையாது. நாடுகள் படை தந்து வைக்க ஐ.நா. சாசனத்தின் 43ஆம் பிரிவு வழி சொல்கிறது. அந்த ஒப்பந்தங்கள் ஒன்றுகூடக் கையெழுத்தாகவில்லை. ஒவ்வொரு பணிக்கும் நாடு நாடாகக் கேட்டு வாங்கித்தான் படை திரட்டுகிறார்கள். வீரர் தன் நாட்டுச் சீருடையில்தான் இருப்பார். தலையில் மட்டும் நீலம்.

‘வளர்ந்துவரும்’ என்ற அடைமொழியும் பலரை வழுக்கிவிடுகிறது. பொருளாதாரத்தில் வளர்ந்துவரும் நாடு அமைதி காப்புக்கும் புதிதாக வந்திருக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். 1956இல் சூயஸ் நெருக்கடிக்கு ஐ.நா. தன் முதல் ஆயுதம் தாங்கிய அமைதிப்படையை அனுப்பியபோதே இந்தியா, பிரேசில், இந்தோனேசியா மூன்றும் அதில் இருந்தன. காங்கோவில் 1961 டிசம்பர் 5ஆம் தேதி உயிர்நீத்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, ஐ.நா. பணியில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே இந்தியர். இங்கே ஒரு நுணுக்கம். நம் நாட்டுப் பட்டியல்கள் வழக்கமாக 1950ஆம் ஆண்டுக் கொரியாவிலிருந்து தொடங்கும். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் மருத்துவப் பிரிவு அங்கே ஆற்றிய பணி மகத்தானது. ஆனால் கொரியாவில் ஐ.நா. கொடியின் கீழ் நடந்தது அமெரிக்கத் தலைமையிலான போர். இன்றைய பொருளில் அமைதி காப்பு அல்ல. இரண்டையும் பிரித்து எழுத வேண்டும்.

உண்மையிலேயே தாமதமாக வந்த நாடு சீனா. 1971இல் ஐ.நா.வுக்குள் வந்த பிறகும் பல ஆண்டுகள் அமைதிப்படை வாக்கெடுப்புகளில் கலந்துகொள்ளவில்லை, பணமும் தரவில்லை. 1992இல் கம்போடியாவுக்குப் பொறியாளர்களை அனுப்பியது. 2015இல்தான் தெற்கு சூடானுக்கு முழுக் காலாட்படை பட்டாலியன் போனது. இன்று அமைதி காப்புச் செலவில் அமெரிக்காவுக்கு அடுத்த பெரும் பங்கு சீனாவுடையது, கால் பங்கை நெருங்குகிறது.

பணம் என்றதும் இன்னொரு தவறு. ஏழை நாடுகள் டாலருக்காகப் பிள்ளைகளை அனுப்புகின்றன என்று ஆறேழு பேர் எழுதியிருந்தார்கள். கோபம் வந்தது; திட்டவில்லை. ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவப் பிரிவு ஹவில்தார் ஒருவரை வகுப்புக்கு அழைத்தேன். காங்கோவின் கோமா நகரில் இருந்த இந்திய மருத்துவமனையில் பணி செய்தவர். ஒரு குற்றாலத் துண்டில் சுற்றி வைத்திருந்த நீலத் தொப்பியை மேசைமேல் வைத்தார். உள்பட்டை வியர்வையில் கறுத்து, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. டாலரில் சம்பளமா என்று ஒரு பையன் கேட்டான். அவர் முகம் சுளிக்கவில்லை. விடியும் முன்னே வாசலில் வந்து நிற்கும் காயம்பட்டவர்களைப் பற்றிச் சொன்னார். எரிமலைச் சாம்பல் படிந்த சாலை, தண்ணீர் லாரிக்குக் காவல் போகும் முறை, மொழி தெரியாத தாயிடம் விரல்களால் மருந்தின் அளவைக் காட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அரை மணி நேரம் யாரும் பேனாவைத் தொடவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்று அரசுக்குத்தான் தருகிறது. 2018இல் அது 1,428 டாலர். வீரர் கைக்கு எவ்வளவு போகும் என்பது அந்தந்த நாட்டின் முடிவு. சிறிய நாடுகளுக்கு இந்தப் பணம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய நாடுகள் ஐ.நா.வுக்குச் செலுத்த வேண்டிய சந்தாவை நிறுத்திவைத்தால் அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகும். இந்தியா இதுவரை ஏறத்தாழ 50 பணிகளுக்கு 2,75,000க்கும் மேற்பட்டோரை அனுப்பியிருக்கிறது. சுமார் 180 பேரை இழந்திருக்கிறது. வேறெந்த நாடும் இத்தனை பேரை இழக்கவில்லை. இதை வெறும் டாலர் கணக்காக எழுதலாமா?

படை அதிகம் தருபவருக்குச் சொல்வாக்கும் அதிகம் என்று நினைப்பது வேறொரு பிழை. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரியும் தண்ணீரைப் போய்ப் பாருங்கள். ஷட்டரை எத்தனை அடி தூக்குவது என்ற உத்தரவு வேறெங்கிருந்தோ வரும். முத்துப்பேட்டைக் கடைமடையில் நாற்று கருகுகிறவர் அந்த உத்தரவில் ஒரு வார்த்தை சேர்க்க முடியாது. அமைதி காப்பிலும் அப்படித்தான். எங்கே போவது, எத்தனை பேர், எப்போது சுடலாம் என்று தீர்மானிப்பது பாதுகாப்பு கவுன்சில்; அங்கே ஐந்து நாடுகளுக்கு, முடிவைத் தனியாகவே தடுக்கும் வீட்டோ அதிகாரம். செலவில் பெரும்பங்கு அமெரிக்கா, சீனா, பணக்கார நாடுகளுடையது. இந்தியாவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழ். சேற்றில் நிற்கும் கால்கள் நேபாளம், வங்கதேசம், இந்தியா, ருவாண்டாவுடையவை. படை தரும் நாட்டை அந்தப் படையைப் பயன்படுத்தும் முடிவுகளில் சேர்க்க வேண்டும் என்று சாசனத்தின் 44ஆம் பிரிவு சொல்வதை இந்தியா பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறது. நியாயமான கோரிக்கை. தீர்வு இன்னும் வரவில்லை.

இதனால்தான் ‘இந்தியா பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர இடத்துக்காகவே படை அனுப்புகிறது’ என்ற ஒற்றை வரியும் நிற்காது. நேரு காலத்தில் படை போனது அணிசேராக் கொள்கையின் பகுதியாக. ஆசை ஒரு காரணமாக இருக்கலாம். எழுபது ஆண்டுகளை அது ஒன்றே விளக்கிவிடாது.

வளர்ந்துவரும் நாடுகள் அனைத்தும் ஒரே குரலில் பேசுவதாகவும் எழுதாதீர்கள். 2013இல் கிழக்குக் காங்கோவில் ஆயுதக் குழுக்களைத் தேடிச் சென்று தாக்கும் அதிகாரத்தோடு ஒரு தனிப் படையணியை ஐ.நா. அமைத்தது. தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி வீரர்களைத் தந்தன, அங்கிருந்த ஐ.நா. படை முழுவதற்கும் தலைமை ஏற்றவர் ஒரு பிரேசில் தளபதி. காவலுக்கு வந்தவர் போருக்குப் போனால் பக்கம் சாயாமை என்னாகும் என்று கவலைப்பட்டது இந்தியா. என் மனம் இந்தியாவின் பக்கம்தான். ஆனாலும் அங்கே போரிட்ட எம்23 என்ற கிளர்ச்சிக் குழு அந்த ஆண்டே பின்வாங்கியதால் பொதுமக்கள் மூச்சுவிட்டார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

புகழ்ச்சியோடு நிறுத்திவிடுவதும் தவறு. ஹைத்தியில் 2004 முதல் 2017 வரை பிரேசிலின் ராணுவத் தலைமையில் இருந்த பணியில், 2010இல் நேபாளப் படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்கவே 2016 டிசம்பர் ஆனது. அதே ஹைத்தியிலிருந்து 2007இல் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கை வீரர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். காங்கோவில் இந்தியப் படைமீதும் புகார்கள் எழுந்ததுண்டு. ஆற்றோரம் வாழ்கிற நாம் அந்தக் காலரா வரியை ஒரு தடவைக்கு இரு தடவை படிக்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் அது.

கடைசியாக, காலம். மாலியில் ஐ.நா. படை இருக்கிறது என்று மூன்று தாள்களில் கண்டேன். அந்நாட்டு அரசு 2023 ஜூனில் வெளியேறச் சொன்னது. ஆண்டு முடிவில் படை போய்விட்டது. லெபனானில் 1978 முதல் இருக்கும் படையின் பணி 2026 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிய வேண்டும் என்று பாதுகாப்பு கவுன்சில் முடிவெடுத்துவிட்டது. எந்த நாடு எத்தனை பேரை அனுப்பியிருக்கிறது என்ற பட்டியலும் அடிக்கடி மாறும். பழைய கையேட்டின் எண்ணை எடுத்து எழுதினால், பக்கத்திலேயே அது எந்த ஆண்டின் எண் என்றும் எழுதிவிடுங்கள்.