ஒளிரும் சாயத்தால் ஆக்சிஜன் அளப்பது: காலிப்ரேஷனில் அவசரம் வேண்டாம்

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க, சாயம் பூசிய முனை உள்ள சென்சாரைத்தான் நான் எப்போதும் கையில் எடுப்பேன். பழைய கிளார்க் மின்முனை அளக்கும்போதே ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதனால் தண்ணீர் முனையை உரசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாய முனைக்கு அந்தத் தேவை இல்லை. அசையாத தண்ணீரிலும் சரியாகவே காட்டும், எண் நிலைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் காலிப்ரேஷன், அதாவது ஆக்சிஜன் அளவு தெரிந்த இடத்தில் வைத்துக் கருவியின் எண்ணைச் சரிசெய்வது, சரியில்லை என்றால் இந்த நன்மையெல்லாம் வீண்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பாலிஸ்டைரீன் மாதிரியான பாலிமர் படலத்துக்குள் பிளாட்டினம் போர்ஃபிரின் அல்லது ருத்தேனியம் சாயம் இருக்கும். எல்.இ.டி. ஒளி பட்டதும் அது சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால் சாயத்தின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும், ஒளிர்வு அணைந்துவிடும். ஆக்சிஜன் கூடக் கூட ஒளிர்வு மங்கும், அது நீடிக்கும் நேரமும் குறையும். ஃப்ளோரின் ஏற்றிய பிளாட்டினம் போர்ஃபிரின் ஆக்சிஜனே இல்லாத இடத்தில் சுமார் 60 மைக்ரோ வினாடி ஒளிரும். காற்றில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நல்ல கருவிகள் பிரகாசத்தை நம்புவதில்லை, இந்த நேரத்தைத்தான் அளக்கின்றன. கேபிள் வளைந்தாலோ சாயம் கொஞ்சம் வெளுத்தாலோ பிரகாசம் மாறிவிடும். நேரம் அவ்வளவாக மாறாது.

ஆக்சிஜன் அளவுக்கும் ஒளிர்வுக்கும் உள்ள உறவை 1919-இல் ஸ்டெர்னும் வோல்மரும் சமன்பாடாக எழுதினார்கள். அதை வரைந்து பார்த்தால், ஆக்சிஜன் குறைவாக உள்ள பக்கத்தில்தான் வளைவு செங்குத்து. அங்கேதான் சென்சார் மிகக் கூர்மையாக வேலை செய்யும். அதனால்தான் பூஜ்ஜியப் புள்ளியை, அதாவது ஆக்சிஜனே இல்லாத நீரில் செய்யும் காலிப்ரேஷனை, விடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காற்றில் மட்டும் காலிப்ரேட் செய்துவிட்டு லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் வரும் எண்ணை நம்புவது சரியில்லை.

பூஜ்ஜியத்துக்கு 100 மில்லி தண்ணீரில் 1 முதல் 2 கிராம் சோடியம் சல்பைட் (sulfite) போதும். கணக்குப்படி 1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தீர்க்க சுமார் 8 மில்லிகிராம்தான் தேவை. ஆனால் மேலிருந்து காற்று கரைந்துகொண்டே இருக்கும், அதனால் தாராளமாகவே போடுங்கள். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, மெதுவாகக் கிளறி, முனையைச் சாய்த்து இறக்குங்கள். ஒரு சின்னக் குமிழி படலத்தில் ஒட்டினாலும் போதும், சென்சார் அந்தக் குமிழியின் ஆக்சிஜனைத்தான் காட்டும். எண் இறங்கி நின்றபிறகும் சில நிமிடம் பொறுத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். அப்புறம் முனையை நன்றாக அலச வேண்டும். ஒட்டியிருக்கும் சல்பைட் அடுத்த மாதிரியின் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும்.

100 சதவீதப் புள்ளிக்கு, அதாவது காற்றோடு சமநிலையில் உள்ள அளவுக்கு, ஈரக் காற்று எளிது. பாட்டிலின் அடியில் ஈரப் பஞ்சு வைத்து, முனையைத் துடைத்து, பஞ்சைத் தொடாமல் தொங்கவிடுங்கள். இறுக மூடாதீர்கள், உள்ளே அழுத்தம் கூடிவிடும். ஈரம் எதற்கு என்றால், நீராவியும் அழுத்தத்தில் பங்கு கேட்கும். 1013 ஹெக்டோபாஸ்கலில், 25 டிகிரியில், உலர்ந்த காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் 212. ஈரம் நிறைந்த காற்றில் 206. உலர்ந்த காற்றில் வைத்துவிட்டு ஈரக் காற்று என்று கருவியிடம் சொன்னால் இந்த 3 சதவீதம் எல்லா அளவிலும் ஒட்டிக்கொள்ளும்.

வெப்பநிலையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சூடு கூடினால் ஒளிர்வு இன்னும் வேகமாக அணையும். போதாததற்கு, தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனும் குறையும்: கடல்மட்ட அழுத்தத்தில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6. முனையும் மாதிரியும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபிறகே எண்ணைப் படியுங்கள்.

உப்பு நீர் என்றால் கருவியில் உப்பின் அளவைக் கொடுத்தே ஆக வேண்டும். சாயத்துக்குத் தெரிவது ஆக்சிஜனின் அழுத்தம் மட்டும்தான். காற்றோடு சமநிலைக்கு வந்த நல்ல தண்ணீரிலும் கடல்நீரிலும் அது 100 சதவீதமே காட்டும். மில்லிகிராம் கணக்கில் கடல்நீரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. அசிட்டோன், டொலுவீன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பாலிஸ்டைரீன் கரைந்துவிடும். வெயிலில் போடாதீர்கள். நொடிக்கு ஒருமுறை அளக்கத் தேவையில்லாத இடத்தில் இடைவெளியைக் கூட்டுங்கள். ஒவ்வொரு ஒளித்துடிப்பும் சாயத்தைக் கொஞ்சம் தேய்க்கிறது.

ஒவ்வொரு காலிப்ரேஷனிலும் இரண்டு புள்ளிகளின் மூல எண்களையும் வெப்பநிலையையும் நோட்டில் எழுதிவையுங்கள். புதுக் கரைசலிலும் பூஜ்ஜிய எண் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால், அல்லது ஒளிர்வின் வலிமை கருவி சொல்லும் எல்லைக்குக் கீழே போனால், மறுபடி மறுபடி காலிப்ரேட் செய்து சரிக்கட்டப் பார்க்காமல் முனையை மாற்றிவிடுங்கள்.