ஈர்க்கில் விளையாட்டு: 13 குச்சி, ஒரு சிமெண்ட் தரை, அவ்வளவுதான்

ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று வருடத்துக்கு இரண்டு பருவமழை பார்க்கிற குமரி மாவட்டத்தில், கரண்ட் போய் பிள்ளைகள் வெளியே இறங்க முடியாமல் வீட்டுக்குள் ஓடித் திரிகிற சாயங்காலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் அப்போது யாராவது புது வாரியலில், அதாவது துடைப்பத்தில் இருந்து நாலு ஈர்க்கிலை, தென்னை ஓலையின் நடுக்குச்சியை, உருவிவிடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளையும் ஆச்சியும் சரிசமமாக உட்கார்ந்து ஆடக்கூடிய விளையாட்டு இதைவிட நல்லதாக எனக்கு ஒன்று தெரியாது. குச்சிகளைச் சிதறவிட்டு, மற்றது அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், அதுதான் ஆட்டம். கேரளத்தில் நூறாங்கோல் என்பார்கள். கடையில் விற்கிற மிக்காடோவும் இதே ஜாதிதான், அதில் 41 குச்சி, மொத்தம் 170 புள்ளி. நமக்கு 13 போதும்.

குச்சி வெட்டுவதில்தான் பாதி விளையாட்டு இருக்கிறது. ஈர்க்கிலின் அடிப்பாகம் தடிமன், நுனி நூல் மாதிரி இருக்கும், இரண்டையும் தள்ளிவிட்டு நடுப்பாகத்தை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு குச்சி கனமாகவும் இன்னொன்று ஊதினால் பறக்கிற மாதிரியும் வந்து ஆட்டம் நியாயமாக இருக்காது. ஒரு சாண் நீளத்தில் ஒன்று: அது நூறு புள்ளி. அரைச் சாணில் இரண்டு: ஒவ்வொன்றும் ஐம்பது. நாலு விரற்கடையில் பத்து: ஒவ்வொன்றும் பத்து. ஆக 300. பச்சை ஓலையில் இருந்து சீவி எடுத்தால் காயும்போது வளைந்துவிடும், அதனால் கட்டாகக் கட்டி வெயிலில் போட்ட பிறகு வெட்டுங்கள். வெட்டிய முனை குத்தும், சின்னப் பிள்ளைகள் முகத்தைக் கிட்டக் கொண்டு போவார்கள், எனவே கல்லில் இரண்டு தடவை தேய்த்துவிடுங்கள்.

தரை முக்கியம். பாயில் ஆடாதீர்கள், பின்னலில் குச்சி மாட்டிக்கொள்ளும். டைல்ஸில் தொட்டாலே வழுக்கும். பழைய சிமெண்ட் திண்ணைதான் சரி. கரண்ட் வந்தாலும் ஃபேனைப் போடாதீர்கள்.

சின்னக் குச்சிகளை ஒரு கைப்பிடிக்குள் பிடித்து, நூறை அதற்கு மேல் குறுக்கே வைத்து, தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் கையை ஒரேயடியாக விரியுங்கள். நூறு ஒரு குச்சியின் மேலாவது குறுக்கே விழ வேண்டும், விழாவிட்டால் முறை அடுத்தவருக்கு. விழுந்தால் ஒவ்வொன்றாக எடுக்கலாம், ஆனால் எடுக்கிற குச்சியைத் தவிர வேறு எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் சுற்றி இருக்கிற எல்லாரும் சேர்ந்து "அனங்கிட்டு!" என்று கத்துவார்கள், அதோடு முறை போச்சு. அதுவரை எடுத்தது உங்கள் கணக்கில் இருக்கும், அடுத்தவர் 13 குச்சியையும் வாரிப் புதிதாகப் போடுவார். முதலில் 500 தொடுகிறவர் ஜெயித்தார்.

இனி கைப்பக்குவம். தனியாகக் கிடக்கிறதை முதலில் பொறுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிற சின்னக் குச்சியை நடுவில் கிள்ளித் தூக்கக் கூடாது, கட்டைவிரல் ஒரு முனையில், நடுவிரல் மறுமுனையில், இரண்டையும் லேசாக உள்ளே அழுத்தி நேராக மேலே. ஆச்சி இதைச் செய்யும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள், கண் அந்தக் குச்சியில் இருக்காது, அதற்கு அடியில் கிடக்கிற குச்சியில் இருக்கும். இந்த ஒன்றைப் பழகினாலே புள்ளி ஏறும். நூறு கைக்கு வந்துவிட்டால் அதையே நெம்புகோலாக வைத்துக்கொள்ளலாம்: முனையை அடியில் நுழைத்து மெதுவாக இல்லாமல் வெடுக்கென்று ஒரு தட்டு, மேலே கிடந்தது தெறித்துத் தள்ளி விழும். மெதுவாகச் செய்தால் கட்டாயம் அனங்கும்.

அசைந்ததா இல்லையா என்று சண்டை வரத்தான் செய்யும். ஆடுகிறவருக்கு நேர் எதிரே இருக்கிறவர் சொல்வதுதான் தீர்ப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நாலு வயதுப் பிள்ளை ஆடினால் ஒரு அனக்கம் மன்னிப்பு உண்டு.

முடிந்ததும் குச்சிகளை வாழைநாரால் கட்டி ஓட்டுக்கு அடியில் செருகி வையுங்கள். ஒன்று ஒடிந்தால் வாரியல் இருக்கிறது.