டேப்பெட் சத்தம் கேட்கிறதா? வால்வு கேப்பை நீங்களே சரிசெய்யலாம்

வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது பானட்டுக்குள்ளிருந்து தையல் மிஷின் ஓடுகிற மாதிரி 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே வேகம் பிடிக்கிறது. பெரும்பாலும் டேப்பெட்தான், அதாவது வால்வைத் தள்ளும் பாகங்கள் இடைவெளி கூடி ஒன்றையொன்று தட்டும் சத்தம். என்னுடைய பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டியில் இந்த வேலையை நானே செய்து முடித்த கையோடு எழுதுகிறேன். ஸ்பார்க் பிளக் கழற்றத் தெரிந்தவர் யாரும் இதைச் செய்யலாம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். கேப், அதாவது வால்வு தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி, அதிகமானால் சத்தம் வரும். குறைந்தால் சத்தமே வராது. ஆபத்து அதில்தான் இருக்கிறது. புகையை வெளிவிடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டில், அதாவது மூடும்போது அது பதியும் வளையத்தில், உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. கேப் போதாமல் வால்வு சரியாக உட்காராவிட்டால் விளிம்பு கருகும், கம்ப்ரஷன் போகும், கடைசியில் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். 'சத்தம் நிற்கும்வரை டைட் வை' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கம்பெனி சொன்ன அளவை வைப்பது மட்டுமே நம் வேலை. அதன்பிறகும் லேசாகச் சத்தம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சத்தம் எங்கிருந்து?

ஆயில் அளவை முதலில் பாருங்கள், அது குறைந்தாலும் இந்தச் சத்தம் வரும். அடுத்து சத்தத்தின் வேகம். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐடிலிங் 800 ஆர்.பி.எம். என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை தட்டும், அதாவது நொடிக்கு ஆறேழு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வால்வு கவரில் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேளுங்கள். ஃபேனும் பெல்ட்டும் பக்கத்தில் இருக்கின்றன, கவனம். அடுத்து இன்ஜெக்டர் மேல் வைத்துப் பாருங்கள். அங்கேதான் கூர்மையாகக் கேட்கிறது என்றால் அது இன்ஜெக்டரின் இயல்பான சத்தம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் கசிந்தாலும் இதே மாதிரி டிக்கடிக்கும். ஆனால் இன்ஜின் சூடேறினால் அடங்கிவிடும். கீழிருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், அது வேறு வியாதி.

உங்கள் இன்ஜினில் ராக்கர் ஆர்ம் (வால்வை அழுத்தும் நெம்புகோல்), அதில் கேப்பை மாற்றும் ஒரு ஸ்க்ரூ, அதை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட் இருக்க வேண்டும். ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தில் கேப்பைத் தானே சரிசெய்துகொள்வது) என்றால் பொதுவாக அட்ஜஸ்ட் செய்ய ஒன்றுமில்லை. ஸ்க்ரூவுக்குப் பதில் ஷிம் (கேப்பைத் தீர்மானிக்கும் சின்னத் தகடு) வைத்த இன்ஜினென்றால் இந்த முறை உதவாது.

கருவிகள்

ஃபீலர் கேஜ் (கேப்பை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) வாங்கும்போது நுனி வளைந்த, ஒடுக்கமான தகடு உள்ளதாகப் பாருங்கள். நேர்த்தகடு ராக்கருக்கடியில் கோணலாக நுழைந்து பொய்யளவு காட்டும். லாக் நட்டுக்கு ரிங் ஸ்பேனர்தான். ஓப்பன் ஸ்பேனரை வைத்தால் நட்டின் முனை மழுங்கிவிடும். சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், பல வண்டிகளில் பானட்டின் உட்பக்க ஸ்டிக்கரிலேயே இருக்கும். பெட்ரோல் கார்களில் இன்டேக் 0.15 முதல் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 முதல் 0.30 மி.மீ. என்பதுபோல இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீளும், அதனால்தான் அதற்குக் கூடுதல் கேப். இவற்றை அப்படியே வைத்துவிடாதீர்கள், உங்கள் இன்ஜினுக்கு உரியதைத் தேடி எடுங்கள்.

வேலை

1. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மேனுவல் 'சூட்டில் பார்' என்று தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, ராத்திரி நிறுத்தி காலையில் ஆரம்பிப்பது உத்தமம்.

2. பேட்டரி நெகட்டிவ், காயில், ஸ்பார்க் பிளக், வால்வு கவர் எல்லாம் கழற்றுங்கள். பிளக் ஓட்டைகளையும் ஆயில் இறங்கும் துவாரங்களையும் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள்.

3. கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். பெரும்பாலானவை கடிகார திசை. சில இன்ஜின்கள் எதிர்த்திசை. கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்றக் கூடாது.

4. முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் டி.டி.சி.க்குக் கொண்டுவாருங்கள், அதாவது வால்வுகள் மூடியிருக்க பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும் இடத்துக்கு. புல்லி மார்க் நேராக வந்ததும் வேலை முடியவில்லை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது அந்த மார்க் இரண்டு முறை நேராக வரும், அதில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. அந்த சிலிண்டரின் ராக்கர்களை விரலால் ஆட்டிப் பாருங்கள். எல்லாம் லேசாக ஆடினால் சரி. இறுகி நின்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று.

5. சொன்ன அளவுத் தகட்டை ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே விடுங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, தகடு லேசான பிடிப்போடு நகரும் அளவுக்கு ஸ்க்ரூவைத் திருப்புங்கள்.

6. இப்போது லாக் நட்டை இறுக்க வேண்டும். ஆளைப் படுத்தும் இடம் இது. நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து இழுபடும். ஸ்க்ரூவின் புரி இடைவெளி 0.75 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து டிகிரி நகர்ந்தாலே 0.02 மி.மீ. மாறிவிடும். கண்ணுக்கு அசைவே தெரியாது, ஆனால் பக்குவமாய் நகர்ந்த தகடு இறுகிக்கொள்ளும். அதனால் ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடித்து, மறு கையால் நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடியும் அளந்தே ஆக வேண்டும். உரிய தகடு பிடிப்போடு போக வேண்டும், அதற்கு 0.05 மி.மீ. தடிமனானது நுழையவே கூடாது. சரியில்லையென்றால் தளர்த்தித் திரும்பச் செய்யுங்கள். முதல் வால்வுக்கு நேரம் பிடிக்கும், பரவாயில்லை. கை தானாகப் பழகும்.

7. நாலு சிலிண்டரில் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்றால், கிராங்கை அரைச் சுற்று சுற்றினால் மூன்றாவது, பிறகு நாலாவது, பிறகு இரண்டாவது. ஒரே டி.டி.சி.யில் பாதி வால்வுகளை முடிக்கும் குறுக்குவழி உண்டு. புதிதாகச் செய்பவர் ஒவ்வொரு சிலிண்டராகப் போவதே நல்லது, குழப்பத்துக்கு இடமிருக்காது.

8. துணிகளை மறக்காமல் எடுங்கள். கிராங்கை இரண்டு சுற்று சுற்றி எல்லா வால்வுகளையும் இன்னொரு தரம் அளந்துவிட்டு, கவரைப் புது கேஸ்கட்டோடு மூடுங்கள். பழைய கேஸ்கட் கட்டையாகியிருக்கும், ஒழுகும். கவர் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பின்சேர்க்கை

இதைப் பார்த்துச் செய்த சிலர், 'அளவு சரியாக வைத்தும் ஒரு வால்வு மட்டும் தட்டுகிறது' என்றார்கள். ராக்கரின் நுனியை டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வு தண்டு இடித்து இடித்து அங்கே சின்னக் குழி விழுந்திருக்கலாம். தட்டையான தகடு குழிக்கு மேலே பாலமாக நின்றுவிடும். உண்மையான கேப் அதைவிட அதிகம். அந்த ராக்கரையோ ஸ்க்ரூவையோ மாற்றாமல் சத்தம் போகாது.

கேஸில் ஓடும் வண்டிக்காரர்களும் கேட்டிருந்தார்கள். அவற்றில் வால்வு சீட் சீக்கிரம் தேயும். சீட் தேய்ந்தால் தண்டு மேலே ஏறும், கேப் குறையும், சத்தம் வராது. காதை நம்பாமல், மேனுவல் சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே திறந்து அளந்துவிடுங்கள்.