சாம்சங்கின் பிரிவுகள் ஒன்றையொன்று தூக்கிவிடுவது எப்படி: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாம்சங் எலக்ட்ரானிக்ஸின் 2023ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். போன், டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் அடங்கிய டிஎக்ஸ் பிரிவின் விற்பனை ஏறத்தாழ 170 லட்சம் கோடி வோன் (தென்கொரிய நாணயம்). சிப் செய்யும் டிஎஸ் பிரிவு 66.6. திரை செய்யும் சாம்சங் டிஸ்ப்ளே 31. கார் ஆடியோவும் ஜேபிஎல் ஸ்பீக்கரும் விற்கும் ஹார்மன் 14.4. நான்கையும் கூட்டினால் 282 லட்சம் கோடி வருகிறது. ஆனால் கம்பெனியின் மொத்த விற்பனையாக அச்சாகியிருப்பது 258.9 லட்சம் கோடிதான்.

இடையில் உள்ள 23 லட்சம் கோடி வோன் தொலைந்துபோகவில்லை. திரைப் பிரிவு போன் பிரிவுக்கு விற்ற பேனலும், மெமரிப் பிரிவு அதே போனுக்கு விற்ற சிப்பும் இன்னும் இது போன்றவையும் சேர்ந்த தொகை அது. வீட்டுக்குள் கைமாறிய சரக்கு என்பதால் ஒருங்கிணைந்த கணக்கு எழுதும்போது அதைக் கழித்துவிடுகிறார்கள். பிரிவுவாரியான எண்களைக் கூட்டிக் கம்பெனியின் அளவைச் சொல்பவர்கள் ஒரே பேனலை இரண்டு முறை எண்ணுகிறார்கள்: ஒரு முறை பேனலாக, இன்னொரு முறை போனுக்குள் இருக்கும் பேனலாக.

அதே 23 லட்சம் கோடியைக் காட்டி, "பிரிவுகள் ஒன்றுக்கொன்று இவ்வளவு வியாபாரம் கொடுத்திருக்கின்றன" என்று சொல்வது அடுத்த தவறு. படித்தவர்களே அதிகம் செய்யும் தவறும் இதுதான். கைமாறிய தொகை ஆதாயம் ஆகாது. அந்தப் பேனலை வெளியே யாரிடமாவது வாங்கியிருந்தால் என்ன விலை, எத்தனை நாள் தாமதம், என்ன தரம் என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஆதாயம் தெரியும்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. ஒரு பேனல் செய்யத் திரைப் பிரிவுக்கு 6,000 ரூபாய் ஆகிறது. போன் பிரிவுக்கு 8,000 ரூபாய்க்குக் கொடுக்கிறது. போன் கடைக்குப் போகும் விலை 40,000. குழுமத்தின் விற்பனை 40,000 மட்டுமே, 48,000 அல்ல. இப்போது 100 பேனல் கைமாறி, ஆண்டு முடியும்போது 30 போன் கிடங்கிலேயே நிற்கிறது என்றால், திரைப் பிரிவு தன் ஏட்டில் 2 லட்சம் ரூபாய் லாபம் எழுதியிருக்கும். குழுமக் கணக்கு அதை அப்படியே ஏற்காது. விற்காத 30 போனுக்குள் உட்கார்ந்திருக்கும் 60,000 ரூபாய் லாபத்தைக் கழித்துவிட்டு 1.4 லட்சத்தைத்தான் ஒப்புக்கொள்ளும். புது மாடல் வெளியாகும் முன் சரக்கு குவியும் காலாண்டில் பிரிவுகளின் லாபத்தைக் கூட்டினால் மொத்த லாபத்தோடு ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம்.

"சொந்தச் சரக்குதானே, கண்டிப்பாக வாங்குவார்கள்"

சாம்சங்கைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. கேலக்ஸி எஸ் வரிசையின் பிராசசரைப் பாருங்கள். 2015இல் வந்த எஸ்6, குவால்காமின் சிப்பை விட்டுவிட்டு, 14 நானோமீட்டர் முறையில் செய்த சொந்தச் சிப்பான எக்ஸினோஸையே எடுத்துக்கொண்டது. 2022இல் எஸ்22க்கு ஐரோப்பாவில் எக்ஸினோஸ், இந்தியா உட்பட மற்ற பல நாடுகளில் குவால்காமின் ஸ்னாப்டிராகன். 2023இல் எஸ்23 உலகம் முழுக்க ஸ்னாப்டிராகன். 2024இல் எஸ்24, எஸ்24 பிளஸ் இரண்டிலும் பெரும்பாலான நாடுகளில் எக்ஸினோஸ் திரும்பி வந்தது. அல்ட்ராவில் மட்டும் ஸ்னாப்டிராகன். 2025இல் எஸ்25 மறுபடி முழுக்க ஸ்னாப்டிராகன்.

போன் பிரிவு ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத் தீர்மானிக்கிறது. சூடு, வேகம், பேட்டரி தாங்கும் நேரம், நூறு சிப் போட்டால் எத்தனை தேறும் என்பதெல்லாம் அந்தத் தீர்மானத்துக்குள் வரும். வீட்டுச் சரக்கு என்பதற்காகத் தேறாததை வாங்கிப் போனில் போட்டால், அடிபடுவது போனின் பெயர்.

இதற்குள்ளேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. எஸ்22இல் இருந்த குவால்காம் சிப்பான ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 தயாரானது சாம்சங்கின் சொந்த ஃபவுண்டரியில் (மற்றவர்கள் வடிவமைத்த சிப்பையும் செய்துகொடுக்கும் தொழிற்சாலை), 4 நானோமீட்டர் முறையில். எக்ஸினோஸைத் தள்ளிவைத்து வெளிச்சரக்கு வாங்கிய நாடுகளிலும், கொடுத்த பணத்தில் ஒரு பங்கு சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தது. எஸ்23இன் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2வைச் செய்தது தைவானின் டிஎஸ்எம்சி. ஆக அந்த ஒரு மாற்றத்தில் சிப் பிரிவு எக்ஸினோஸ் விற்பனையையும் இழந்தது, ஃபவுண்டரி ஆர்டரையும் இழந்தது. பிரிவுகளுக்கிடையேயான விற்பனை என்ற வரியை மட்டும் பார்ப்பவருக்கு இதில் பாதிதான் தெரியும். குவால்காம் வழியாக வந்த பணம் வெளி வாடிக்கையாளரிடம் வந்த வரவாகவே பதிவாகும்.

உண்மையான உதவி எங்கே நடந்தது: ஓஎல்இடி திரை

பிரிவுகள் ஒன்றையொன்று தூக்கிவிட்டதற்குச் சாம்சங் வரலாற்றிலேயே தெளிவான உதாரணம் இது. எப்படி நடந்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் மற்ற இடங்களில் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஓஎல்இடி என்பது பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை. அதற்கான தொழிற்சாலை கட்டப் பெரும் பணம் வேண்டும். ஆரம்பத்தில் செய்வதில் நிறையவே கழிவாகப் போகும். ஒளிரும் பொருளை மெல்லிய உலோக முகமூடித் தகட்டின் துளைகள் வழியாக ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். தகடு இம்மி நகர்ந்தாலும் நிறம் கெடும். தேறும் விகிதம் உயர வேண்டுமானால் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தாமல் ஓட்ட வேண்டுமானால், விலை அதிகமாக இருக்கும்போதே லட்சக்கணக்கில் எடுத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். 2010இல் 4 அங்குல சூப்பர் அமோலெட் (ஓஎல்இடியில் ஒரு வகை) திரையோடு வந்த முதல் கேலக்ஸி எஸ் அந்த வேலையைச் செய்தது. அடுத்தடுத்த மாடல்களும் தொடர்ந்து எடுத்துக்கொண்டன. போனுக்குக் கிடைத்தது, கடையில் பக்கத்துப் போனிலிருந்து ஒரே பார்வையில் பிரித்துக் காட்டும் கறுப்பு. திரைப் பிரிவுக்குக் கிடைத்தது ஓட்டிப் பழகிய தொழிற்சாலை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2017இல், ஆப்பிள் தன் முதல் ஓஎல்இடி ஐபோனான ஐபோன் டென்னைக் கொண்டுவந்தபோது, கேட்ட தரத்தில் கேட்ட எண்ணிக்கையைக் கொடுக்கும் நிலையில் இருந்தது சாம்சங் டிஸ்ப்ளேதான். போன் பிரிவு போட்ட பணத்தின் பலன் போன் பிரிவின் கணக்கில் விளையவில்லை. திரைப் பிரிவின் கணக்கில், அதுவும் போட்டியாளர் கொடுத்த பணமாக விளைந்தது. ஒரே ஆண்டின் அறிக்கையை வைத்துக்கொண்டு எந்தப் பிரிவு எதற்கு உதவியது என்று முடிவு கட்டுவது ஏன் தவறு என்பது இதில் தெரியும். ஐந்து முதல் பத்து ஆண்டு வரை பின்னோக்கிப் பார்க்க வேண்டும். வெளி வாடிக்கையாளர் எப்போது வந்தார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். சாம்சங் தன் காலமுறை அறிக்கையில் முக்கியமான ஐந்து வாடிக்கையாளர்களின் பெயரைச் சொல்கிறது. ஆப்பிள் அந்தப் பட்டியலில் பலமுறை இருந்திருக்கிறது.

இந்த உதவிக்கு ஒரு விலையும் உண்டு. அதைப் பலர் சொல்வதே இல்லை. அதே 2010இல் எச்டிசி தன் டிசையர் போனுக்கு சாம்சங்கின் அமோலெட் திரையைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது. திரை போதாமல் போனதும் ஆண்டின் நடுவிலேயே சோனியின் சூப்பர் எல்சிடிக்கு மாறியது. தட்டுப்பாடு வரும்போது வீட்டுப் பிள்ளைக்கு முதல் பந்தி என்ற எண்ணம் வந்துவிட்டால் வெளி வாடிக்கையாளர் வேறு கடை தேடுவார். ஆப்பிளும் தன் பிராசசரை நெடுங்காலம் சாம்சங்கில்தான் செய்தது. 2011இல் இருவருக்கும் இடையே காப்புரிமை வழக்கு தொடங்கியது. 2014இல் ஏ8 சிப் டிஎஸ்எம்சிக்குப் போனது. 2015இல் ஏ9ஐ இருவரும் செய்தார்கள். ஏ10 முதல் டிஎஸ்எம்சி மட்டுமே. 2017இல் சாம்சங் ஃபவுண்டரியைத் தனி வணிகமாகப் பிரித்தது. தன் வரைபடம் பக்கத்து அறையில் போட்டிச் சிப் வடிவமைப்பவர் கைக்குப் போய்விடுமோ என்று வாடிக்கையாளர் அஞ்சும் தொழில் அது.

பெயர் ஒன்று, கம்பெனி வேறு

சாம்சங் டிஸ்ப்ளேயில் சாம்சங் எலக்ட்ரானிக்ஸுக்கு ஏறத்தாழ 85 சதவீதப் பங்கு. அதனால் அதன் விற்பனை முழுவதும் தாய்க் கம்பெனியின் கணக்கில் சேரும். பேட்டரி செய்யும் சாம்சங் எஸ்டிஐ அப்படி அல்ல. அது தனியாகப் பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனி. எலக்ட்ரானிக்ஸின் பங்கு சுமார் ஐந்தில் ஒன்று. கேமரா மாட்யூலும் கெபாசிட்டரும் செய்யும் சாம்சங் எலக்ட்ரோ-மெக்கானிக்ஸில் நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. இவர்களிடம் வாங்குவது உள்விற்பனையாகக் கழிக்கப்படாது. சார்புடைய நிறுவனங்களோடு நடந்த பரிமாற்றம் என்ற தனிக் குறிப்பில் அது வரும். எல்லாவற்றையும் "சாம்சங்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினால் கணக்கு எங்கும் ஒட்டாது.

ஒன்று கெட்டால் இன்னொன்றும் சேர்ந்து கெடும் என்பதைக் காட்டியது 2016இன் கேலக்ஸி நோட்7. முதலில் போட்ட பேட்டரி எஸ்டிஐயுடையது. 2017 ஜனவரி 23 அன்று சாம்சங் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி அதன் வலது மேல் மூலையில் எதிர்மின்வாய் மடங்கியிருந்தது. உறைக்குள் இடம் போதாததால் மூலை நசுங்கி, உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு, தீப்பற்றியது. திரும்பப் பெற்று வேறு கம்பெனியின் பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். அதில் தவறு வேறு இடத்தில் இருந்தது: வெல்டிங்கில் எழுந்த பிசிறு காப்புத் தாளைத் துளைத்தது; சிலவற்றில் காப்பு நாடாவே ஒட்டப்படவில்லை. 2016 அக்டோபரில் மாடலையே நிறுத்திவிட்டார்கள். சொந்தப் பேட்டரி என்பது பாதுகாப்பும் அல்ல, வெளியே வாங்கினால் தப்பித்துவிடலாம் என்பதும் அல்ல. வந்த பேட்டரியை யார், எத்தனை முறை, எப்படிச் சோதித்தார்கள் என்பதே கேள்வி. நோட்7க்குப் பிறகு சாம்சங் எட்டுக் கட்டச் சோதனையைக் கொண்டுவந்தது; எக்ஸ்ரே எடுப்பதும் பிரித்துப் பார்ப்பதும் அதில் உண்டு.

பெயரைப் பார்த்து வரவு வைப்பது

சாம்சங் 2017 மார்ச்சில் 800 கோடி டாலருக்கு ஹார்மனை வாங்கி முடித்தது. அதே ஆண்டு வந்த எஸ்8 பெட்டியில் ஹார்மனின் ஏகேஜி பெயர் போட்ட இயர்போன் இருந்தது. அதன்பின் சாம்சங்கின் கேலக்ஸி பட்ஸ் இயர்போன் எத்தனை விற்றாலும் "ஹார்மன் வளர்கிறது" என்று எழுதுபவர்கள் உண்டு. பட்ஸை விற்பது மொபைல் பிரிவு, வரவும் அங்கேதான். ஹார்மனின் கணக்கு கார்க் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் கருவிகளாலும் ஜேபிஎல் போன்ற தன் பிராண்டுகளாலும் நிற்கிறது.

போனோடு வாட்ச் வாங்கினால் தள்ளுபடி என்பதிலும் இதே குழப்பம் வரும். இரண்டும் ஒரே பிரிவு என்பதால் அது பிரிவுகளுக்கிடையேயான உதவியே அல்ல. ஆனால் 2021இல் வந்த கேலக்ஸி வாட்ச்4 முதல் ஐபோனோடு இணைக்க முடியாது என்பது முக்கியமான செய்தி. அந்த முடிவு வாட்ச் வாங்கியவரைப் போனோடு கட்டிவைக்கிறது; ஐபோன்காரர்களை வாட்ச் கடையிலிருந்து அனுப்பியும் விடுகிறது. இரண்டு பக்கத்தையும் எழுதாத அலசல் அரைகுறைதான்.

மெமரி விலைச் சுழற்சியை மறப்பது இன்னொரு பிழை. மெமரி விலை ஏறும்போது சிப் பிரிவு கொழிக்கும். அதே விலையைப் போன் பிரிவும் கொடுத்தாக வேண்டும். 2023இல் நடந்தது தலைகீழ். சிப் பிரிவு 14.88 லட்சம் கோடி வோன் இயக்க நஷ்டம் கண்டது. டிஎக்ஸ் பிரிவு 14 லட்சம் கோடிக்கு மேல் லாபம் காட்டியது. திரைப் பிரிவும் ஹார்மனும் சேர்த்த லாபத்தோடு மொத்த இயக்க லாபம் 6.57 லட்சம் கோடியில் நின்றது. அந்த ஆண்டு ஒரு பிரிவு செய்த பெரிய உதவி கம்பெனியை நஷ்டத்துக்குள் விழாமல் பிடித்து நிறுத்தியது. விற்பனையைக் கூட்டிக் கொடுப்பதோடு உதவி முடிந்துவிடுவதில்லை.

ஒரு பிரிவு இன்னொன்றின் கையைக் கட்டிப்போடுவதும் நடக்கும். சோனியிடம் பாட்டுக் கம்பெனியும் இருந்தது, வாக்மேனும் இருந்தது. பாட்டுகள் திருட்டுப் போகாமல் காக்கும் கவலையில், எம்பி3யை நேராகப் பாடவிடாமல் ஏட்ராக் என்ற தன் சொந்த வடிவத்தில் வாக்மேனை நிறுத்தியது. 2001இல் வந்த ஐபாடுக்கு அந்தச் சுமை இல்லை. 2006இல் சோனி தன் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 3க்குள், தான் முன்னிறுத்திய ப்ளூ-ரே என்ற வீடியோ வட்டு வடிவத்தை வைத்ததும் இரு பக்கம் வெட்டியது. செலவு ஏறி, அமெரிக்காவில் விலை 499, 599 டாலர் ஆனது. விளையாட்டுப் பிரிவு நஷ்டத்தைச் சுமந்தது. ப்ளூ-ரேயோ வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 2008 பிப்ரவரியில் தோஷிபா, ப்ளூ-ரேயின் போட்டி வடிவமான எச்டி டிவிடியைக் கைவிட்டது.

சாம்சங்கின் இன்றைய டிவி வணிகத்தில் இந்த உறவுகள் எவ்வளவு தளர்ந்துவிட்டன என்று பாருங்கள். எல்சிடி பேனல் செய்வதைச் சாம்சங் டிஸ்ப்ளே 2022இல் நிறுத்திவிட்டது. 2006 முதல் உலக டிவி விற்பனையில் முதலிடத்தில் இருக்கும் சாம்சங், எல்சிடி பேனலுக்குச் சீனக் கம்பெனிகளையே பெரிதும் நம்பியிருக்கிறது. திரைப் பிரிவின் புதிய க்யூடி-ஓஎல்இடி பேனல் 2022இல் சாம்சங் டிவியில் வந்த அதே ஆண்டு சோனியின் டிவியிலும் வந்தது. மறு ஆண்டே சாம்சங் தன் 83 அங்குல ஓஎல்இடி டிவிக்கான பேனலை எல்ஜி டிஸ்ப்ளேயிடம் வாங்கியது.