மழை லீவில் ஆன்லைன் வகுப்பு: நான் செய்து பார்த்த தவறுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறு மணிக்கு ஒரே கேள்விதான்: "லீவு விட்டாச்சா மிஸ்?" கலெக்டர் அறிவிப்பு வந்ததும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கொஞ்ச நேரத்தில் நிர்வாகத்திடமிருந்து செய்தி வரும்: ஒன்பது மணிக்கு ஆன்லைன் வகுப்பு. சென்னைப் புறநகரில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இதில் செய்யக்கூடிய தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

மழை லீவையும் கொரோனா லீவையும் ஒன்றாக நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. 2020இல் பள்ளி மூடியிருந்தாலும் கரண்ட் இருந்தது. மழைக்கு முதலில் போவதே கரண்ட்தான். தெருவில் தண்ணீர் ஏறினால் ஷாக் அடிக்கக்கூடாதென்று மின்வாரியமே நிறுத்திவிடும். டவர் பேட்டரி சில மணி நேரம் தாங்கும்; அப்புறம் சிக்னலும் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் இரண்டுமே இல்லை. பால் பாக்கெட்டுக்கு அலைகிற வீட்டில் போய் இயற்கணிதமா? அந்த மாதிரி நாளில் வகுப்பே வேண்டாம். ரெட் அலர்ட் என்று லீவு விட்டு, வெறும் தூறலோடு போகிற நாள்களும் உண்டே, நான் சொல்வது அவற்றுக்கு.

அன்றைக்கும் டைம்டேபிளை அப்படியே போனுக்குள் திணிக்கக்கூடாது. பல வீடுகளில் பிள்ளைகள் இரண்டு பேர், போன் ஒன்று. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். தினம் ஒன்றரை ஜிபி கிடைக்கிற ரீசார்ஜில் வீடியோ வகுப்பு மதியம் வரைகூடத் தாங்காது.

நான் செய்ததிலேயே பெரிய தவறு, மழை நாளில் புதுப்பாடம் தொடங்கியது. 38 பேரில் 14 பேர் வந்திருந்தார்கள். சிலபஸ் முடிய வேண்டுமே என்ற அவசரத்தில் காரணிப்படுத்துதலை ஆரம்பித்துவிட்டேன். ஒரு பையன் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா கேஸ் சிலிண்டரை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். "போய் ஒரு கை பிடிடா" என்று அனுப்பிவிட்டு மறுபடி பாடத்துக்கு வந்தால், எனக்கே வரி தப்பியது. பள்ளி திறந்ததும் வராத 24 பேருக்காக முதலிலிருந்து நடத்த வேண்டியிருந்தது. வந்த 14 பேர் கொட்டாவி விட்டார்கள்.

இப்போது பழைய பாடம் மட்டும்தான். ஒரு கணக்கை நோட்டில் போட்டு போட்டோ எடுத்து, மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜோடு குழுவில் போடுகிறேன். கரண்ட் வந்ததும், அப்பா வீடு திரும்பியதும் கேட்டுக்கொள்ளட்டும். சாயங்காலம் அரை மணி நேரம் சந்தேகத்துக்கு, முடிந்தவர்கள் வரலாம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்த நோட்டு போட்டோக்கள் ராத்திரி பத்து மணி வரை வந்துகொண்டிருக்கும். பாதி எழுத்து தெரியாது. ஆனாலும் எங்கே தப்பினார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

வருகைப்பதிவு எடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. லீவு விட்ட நாளில் நெட் இல்லாத பிள்ளைக்கு ஆப்சென்ட் போடுவது என்ன நியாயம்? எப்படியும் ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடுகட்டச் சொல்வார்கள். பன்னிரண்டு பக்க பிடிஎஃப் அனுப்பி 'பிரிண்ட் எடுத்துச் செய்யவும்' என்பதும் வேண்டாம். ஜெராக்ஸ் கடை வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

பெற்றோருக்கும் இரண்டு வார்த்தை. பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுவென்று விடை சொல்லாதீர்கள், மைக்கில் கேட்கிறது. இடி இடிக்கும்போது போனைச் சார்ஜில் போட்டபடி பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். முந்தின ராத்திரியே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்பத் தாமதமாகப் புரிந்தது: வகுப்பு நடக்கும், புத்தகம் பள்ளி டெஸ்க்குக்குள் கிடக்கும். தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்தில் புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது. கணக்கு நோட்டுக்கு எங்கே போவது? ஆரஞ்சு அலர்ட் என்று கேள்விப்பட்டாலே கடைசி பீரியடில் நோட்டை எடுத்துப் போகச் சொல்லிவிடுகிறேன், பிளாஸ்டிக் கவரில் சுற்றி.