வெள்ளம் வந்தால் யார் வீடு முதலில் தவிக்கும்? நம் ஊரை நாமே கணக்கெடுக்கலாம்

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது, தர்மபுரி மாவட்டம் அரூரில் 33 செ.மீ. ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது புதுச்சேரிப் பக்கம். ஆனால் கடலே பார்க்காத ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வேன்களை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. ஒரு ஏக்கரில் 50 செ.மீ. பெய்தால் சுமார் 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் கிட்டத்தட்ட 170 லாரி.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றாலே வறட்சி மாவட்டம் என்று பேசிப் பழகிவிட்டோம். அதனால் தண்ணீர் வந்தால் யாரை முதலில் தூக்க வேண்டும் என்ற பட்டியல் பல கொட்டாய்களில், அதாவது சிறு குடியிருப்புகளில், இல்லை. ஒரு நோட்டு, ஒரு டேப், இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் அதை நாமே தயாரித்துவிடலாம்.

1. தண்ணீர் போன வழியில் நடங்கள்

ஏரி நிரம்பி வழியும் கோடியில் ஆரம்பித்து ஓடையோடு இறங்கி, தரைப்பாலம் வரை நடக்க வேண்டும். ஆடு மேய்ப்பவர் ஒருவர், வயதான பெண் ஒருவர் கட்டாயம் கூட வரட்டும். ஓடை எங்கே குறுகியிருக்கிறது, குழாய்ப் பாலத்தில் முள்ளும் பிளாஸ்டிக்கும் எங்கே அடைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் பழுப்புக் கோடு தெரிந்தால் தரையிலிருந்து டேப் வைத்து அளந்துவிடுங்கள். “இடுப்பளவு தண்ணி” என்பது ஆளுக்கு ஆள் மாறும், கோடு மாறாது.

ஆண்களிடம் கேட்டால் பயிர், மோட்டார், சாலை என்று சொல்வார்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். அடுப்பு எத்தனை நாள் எரியவில்லை, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வந்தது, கழிப்பறைக்கு எங்கே போனார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

2. தரையில் வரைபடம் போடுங்கள்

கோயில் முன்னால் கோலப்பொடியால் ஏரி, ஓடை, தெரு, பள்ளிக்கூடம், போர்வெல் எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே வரையட்டும். பேனா பிடிக்கத் தயங்குகிறவர்கூட கோலப்பொடியை வாங்கி “ஓடை இப்படி இல்லப்பா, முன்னாடி இந்தப் பக்கம் போச்சு” என்று திருத்துவார். அந்தத் திருத்தம்தான் நமக்கு வேண்டும். முடிந்ததும் போனில் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரைபடத்தில் ஓடையாக இருந்து இன்று வீட்டுமனையாக இருக்கும் இடத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

3. வீடு வீடாக மூன்று கேள்வி

வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. தண்ணீர் எட்டுமா? எட்டினால் எவ்வளவு பாதிப்பு வரும்? விழுந்தபின் எழுந்து நிற்க என்ன இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். முதல் இரண்டையும் கூட்டி, மூன்றாவதைக் கழியுங்கள்.

ஓடையை ஒட்டிய மாடி வீடு ஒன்று. தண்ணீர் எட்டும், 3. கான்கிரீட் கட்டடம், திடமான ஆட்கள், 1. பைக், சேமிப்பு, மொட்டைமாடி உண்டு, 3. மொத்தம் 1. ஓடையிலிருந்து தள்ளி ஒரு மண்சுவர் வீடு. மகன் பெங்களூரில் கட்டட வேலையில், பாட்டியும் இரண்டு ஆடும் மட்டும். தண்ணீர் 2, பாதிப்பு 3, எழும் வழி 1. மொத்தம் 4. ஓடைக்குத் தள்ளி இருந்தாலும் முதலில் ஆள் போக வேண்டியது பாட்டி வீட்டுக்குத்தான்.

இந்தப் பாட்டி மாதிரி ஒருவர் ரேஷன் கார்டையும் பட்டாவையும் எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். தலையணை உறைக்குள் என்பார். பட்டா நனைந்து போனால் நிவாரணத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும்! அன்றைக்கே ஒரு பாலிதீன் கவர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

4. ஆண்டுக் காலண்டர்

சித்திரை வெயில், ஆடியில் பொய்க்கும் மழை, ஐப்பசி கார்த்திகை அடைமழை, இவற்றோடு கடன் வாங்கும் மாதம், வேலைக்கு வெளியூர் போகும் மாதம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். கோடையில் தீவனம் இல்லாமல் மாட்டை விற்றவர் கார்த்திகை வெள்ளத்தின்போது கையில் எதுவும் இல்லாமல் நிற்பார். வறட்சியையும் வெள்ளத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் இது கண்ணில் படாது.

5. ஊரிடம் திருப்பிக் கொடுங்கள்

அடைப்பு, குறுகிய ஓடை, தங்குமிடம் பற்றிய விவரங்களை அக்டோபர் 2 கிராம சபையில் வையுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஆனால் வீட்டு மதிப்பெண்ணையும் யாருக்கு என்ன நோய் என்பதையும் சபையில் வாசிக்க வேண்டாம். அது மீட்புக்குப் போகும் நான்கைந்து பேரிடம் மட்டும் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐ நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

அப்புறம், அடுத்த பெருமழை விட்ட மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு அதே வழியில் நடங்கள். புதுக் கோடு ஈரம் காய்வதற்குள் அளந்து, பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.